வேலையை விட்டு நீக்கினால் என்ன வழி? பின்னி மில்லில் தொடங்கிய கதை

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொன்னால், அந்தத் தொழிலாளி தொழிலாளர் துறைக்குப் போய் முறையிடலாம். நூறு வருடங்களுக்கு முன் இந்த வழி கிடையாது. வழி பிறந்த கதை, ராயபுரத்துக்கு மேற்கே பெரம்பூரில் இருந்த பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் மில்களில் தொடங்குகிறது.

1918 ஏப்ரல் 27 அன்று அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். 1920 அக்டோபரில் தகராறு முற்றி, நிர்வாகம் கதவடைப்பு செய்தது. அதோடு நிற்கவில்லை. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டியதாக வாடியா மீதும் மற்ற தலைவர்கள் மீதும் உயர் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தது. வாடியா தொழிற்சங்கத்தை விட்டு விலக ஒப்புக்கொண்ட பிறகுதான் வழக்கு முடிந்தது.

அதாவது வேலை போனவனுக்காகப் பேச வந்தவருக்கே பாதுகாப்பு இல்லை!

இதையடுத்து 1921-ல் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு செய்த சங்கத்தின் மீது இப்படி வழக்குப் போட முடியாது என்றது அதன் 18-வது பிரிவு.

பிறகு 1947-ல் தொழில் தகராறு சட்டம். அதில் உரிமைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன:

1953: ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ், வருடத்துக்கு 15 நாள் சம்பளம். தினம் 600 ரூபாய் வாங்கி 10 வருடம் உழைத்தவருக்கு 90,000 ரூபாய்.

1965: தனி ஒருவரின் நீக்கமும் தொழில் தகராறுதான். சங்கம் துணைக்கு வராவிட்டாலும் வழக்காடலாம்.

1971: தண்டனை அதிகம் என்று பட்டால், நீக்கத்தை ரத்து செய்து மறுபடி வேலை கொடுக்கச் சொல்லும் அதிகாரம் தொழிலாளர் நீதிமன்றத்துக்குக் கிடைத்தது.

பின்னி மில்கள் 1996-ல் மூடப்பட்டன. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டங்களின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. நோட்டீசும் 15 நாள் கணக்கும் அதிலும் உண்டு. ஆனால் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி, 100 பேர் உள்ள ஆலைகளுக்கு என்றிருந்தது 300 என்று மாறிவிட்டது.

இன்னொன்றும் முக்கியம். வருடத்தில் 240 நாள் வேலை செய்ததை நிரூபிக்க வேண்டியது தொழிலாளிதான் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பி.எஃப். கணக்கு இவற்றைப் பத்திரமாக வைத்திருப்பவருக்குத்தான் இத்தனை சட்டமும் கைகொடுக்கும்.