போனக்காட்டில் எது முதல்நிலைச் சான்று?

திருவனந்தபுரம் மாவட்டத்தின் விதுராவுக்கு அப்பால், அகத்தியமலைச் சரிவில் உள்ள போனக்காட்டைப் பற்றித் தேடுவோருக்கு முதலில் கிட்டுவது ஒரு பழைய துரை பங்களாவின் ஆவிக்கதை. தேயிலைத் தோட்டம் நலிந்ததும், கூலியும் பணிக்கொடையும் நிலுவையில் நின்றதும், தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் சிதைந்த லயங்களில் வாழ நேர்ந்ததும் அதற்குப் பின்னரே தென்படுகின்றன. சமூகப்பணி ஆய்வாளர் முதலில் கலைக்க வேண்டியது இந்த வரிசையைத்தான்.

பாடநூல்கள் சான்றுகளை முதல்நிலை, இரண்டாம்நிலை எனப் பிரிக்கின்றன. பிரிவு சரியே. ஆனால் அதை நூலின் நிலையான இயல்பாகக் கொள்வது பிழை. அது கேள்வியைப் பொறுத்து மாறும். இந்தியத் தோட்டத் தொழிலாளர் நிலை பற்றி டி. வி. ரெகே அளித்த 1946ஆம் ஆண்டு அறிக்கையை எடுத்துக்கொள்வோம். தொழிலாளர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று கேட்டால் அது ஓர் அதிகாரியின் தொகுப்புரை. அரசு எதைக் கண்டது, எதைக் காணாது விட்டது என்று கேட்டாலோ அதுவே முதல்நிலைச் சான்று. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடும் மருத்துவமும் தரப்பட வேண்டும் என்றது. தரப்பட்டன என்பதற்கு அது சான்றாகாது. இவ்வேறுபாட்டை மறந்த ஆய்வேடுகள் பல.

இலக்கியத்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ ஆயிற்று. அதைத் தழுவிய ‘பரதேசி’ 2013இல் திரைக்கு வந்தது. நாவலில் கண்டவரின் அறிவு உண்டு, புனைவும் உண்டு. திரைப்படத்தையே தோட்ட வாழ்வின் சாட்சியாக மேற்கோள் காட்டுவது எளிய வழி, ஏற்கத்தக்க வழியன்று. ஆனைமலையின் கதையைப் போனக்காட்டுக்கு அப்படியே பொருத்துவதும் அத்தகையதே.

தோட்டத்தின் செக்ரோலில் பெயர் விழுந்த நாளும் கூலியும் இருக்கும். தோட்டம் நின்றால் ஏடும் நின்றுவிடும். அதன்பின் அக்குடும்பங்கள் எதைக்கொண்டு உண்டன, லயத்தை விட்டு ஏன் இறங்கவில்லை என்பவற்றுக்கு வாய்மொழியே முதன்மையான சான்று. பிற சான்றுகளின் இடைவெளியை நிரப்பும் துணைப்பொருளாக அதை நடத்துவது அநீதி.

ஊர்ப்பெயரும் சான்றே. ஆங்கிலத்தில் அது ‘பான் அக்கார்டு’, அதாவது நல்லிணக்கம். மக்கள் வாயில் அது காட்டை ஈற்றில் கொண்ட போனக்காடு. ஒரே எழுத்துக்கூட்டலில் தேடும் ஆய்வாளருக்கு மற்றப் பெயரில் பதிந்த ஆவணங்கள் கண்ணில் படாமலே போகும்.