சிங்கப்பூர் வீடுகளில் எழுதக வேலை

சுவரின் தலைப்பு, தூணின் உச்சி, சன்னலின் நெற்றி ஆகிய இடங்களில் செங்கல்லைப் படிப்படியாக வெளியே நீட்டி, அதன்மேல் சுதை பூசி, வரிவரியாகப் புடைப்பு இழுக்கும் கொத்துத் தொழில் எழுதக வேலை எனப்படும். கிரேக்க, உரோமானிய மரபைத் தழுவிய எழுதகங்கள் சிங்கப்பூரில் 1820களிலிருந்து காணப்படுகின்றன. லிட்டில் இந்தியா, ஜாலான் புசார், எமரல்ட் ஹில், சைனாடவுன் வட்டாரங்களின் கடைவீடுகளில் அவற்றை இன்றும் பார்க்கலாம்.

1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தை ஒட்டி ராஃபிள்ஸ் வகுத்த விதிகள், வீடுகள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமைய வேண்டும் என்றும், தெருவை நோக்கிய பக்கத்தில் தொடர்ச்சியான தாழ்வாரம் இருக்க வேண்டும் என்றும் கூறின. பின்னாளில் 'ஐந்தடி நடை' என்று பெயர்பெற்றது இந்தத் தாழ்வாரமே. கடைவீட்டின் அகலத்தை உத்தர மரத்தின் நீளம் பெரும்பாலும் 16 முதல் 20 அடிக்குள் நிறுத்தியது. அகலமும் தாழ்வாரமும் எல்லா வீட்டுக்கும் பொதுவாகிவிட்டதால், உரிமையாளர் தம் விருப்பத்தைக் காட்ட மேல்மாடி முகப்பு மட்டுமே மிஞ்சியது. விதிகள் கேட்ட செங்கல்லைப் பொறுத்தவரை, 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் அமைத்த சூளையே தீவின் முதல் செங்கற்சூளை என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து.

செவ்வியல் வடிவங்களைத் தனியார் வீடுகளுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர், அயர்லாந்தில் பிறந்து கல்கத்தாவில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன். இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் பாணியில் அவர் வணிகர் மேக்ஸ்வெல்லுக்காக 1827இல் கட்டி முடித்த வீடு, பலமுறை மாற்றியமைக்கப்பட்டு, பழைய நாடாளுமன்றக் கட்டடமாக நிற்கிறது. கோல்மன் தமக்கென 1829இல் கட்டிய வீடு 1965இல் இடிக்கப்பட்டது.

சுதைத் தொழில் பற்றி மிக விரிவாகக் கிடைப்பது இந்தியக் கைதிகள் காலத்துச் செய்தியாகும். 1825இல் பெங்கூலனிலிருந்து முதல் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். 1873இல் கைதிகளைக் கொண்டு வேலை வாங்கும் முறை முடிவுக்கு வந்தது. அவர்களை மேற்பார்த்த பொறியாளர் மக்நேர் 1899இல் வெளியிட்ட நூல், செங்கல் அறுப்பது முதல் பூச்சுக்கு மெருகேற்றுவது வரை வேலை முறைகளைப் பதிவு செய்துள்ளது. கைதிகள் அறுத்த செங்கல் 1867ஆம் ஆண்டு ஆக்ரா கண்காட்சியில் பதக்கம் பெற்றது. 1856இல் பணி தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத்தின் உட்சுவர்ப் பூச்சுக்கு நூல் தரும் செய்முறை இது: மணல் சேராத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றை அடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் கலவையாக்குவர். பூச்சு காய்ந்த பின் படிகக்கல்லாலோ உருண்டைக் கூழாங்கல்லாலோ தேய்த்து, இடையிடையே மாக்கல் பொடி தூவி மெருகேற்றுவர். இது 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று அழைக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடுகளின் முட்டைச் சுண்ணாம்புப் பூச்சை அறிந்தவர்களுக்கு இந்தப் பக்குவம் புதிதன்று. தேவாலயச் சுவரில் இன்றுள்ள பூச்சு இந்தக் கலவைதானா என்று மரபுப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியுள்ளனர்.

தண்டனை முடிந்த பலர் தீவிலேயே தங்கிவிட்டனர். அவர்கள் கைத்தொழில் கடைவீட்டுச் சுவர்களுக்கு எந்த அளவு சென்றது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சிராங்கூன் சாலைப் பகுதியில் செங்கற்சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தது உறுதி. அங்குள்ள வீரமாகாளியம்மன் கோயில் முன்பு 'சுண்ணாம்புக் கம்பம் கோயில்' என்றே வழங்கியது. காளவாய்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்த இடத்தின் பெயர் சுண்ணாம்புக் கம்பம்.

1840 முதல் 1900 வரையிலான தொடக்கக் காலக் கடைவீடுகள் குட்டையானவை, எழுதகம் குறைந்தவை.

ஏறத்தாழ 1900 முதல் 1940 வரை கட்டப்பட்டவற்றை நகரச் சீரமைப்பு ஆணையம் 'பிற்காலப் பாணி' என வகைப்படுத்துகிறது. ரப்பரும் வெள்ளீயமும் ஈட்டித் தந்த பணம் முகப்பில் ஏறிய காலம் அது. மேல்மாடியில் மூன்று சன்னல்கள், அவற்றுக்கிடையே கொரிந்தியன் தலைப்புள்ள அரைத்தூண்கள், அவற்றின்மேல் மலர்மாலைத் தொங்கல், உச்சியில் நீளமாக ஓடும் எழுதகம் என்பது வழக்கமான அமைப்பு. நீண்ட வரிப்புடைப்பை, தகட்டில் வெட்டிய அச்சை ஈரச் சுதையின் மேல் சட்டத்தை ஒட்டி இழுத்து உருவாக்குவர். இலையையும் மாலையையும் தனி அச்சில் வார்த்துப் பின்னர் ஒட்டுவர். எழுதகத்துக்குப் பயன்பாடும் உண்டு: ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், நீட்டிய விளிம்பு தண்ணீரைச் சுவரில் வழியவிடாமல் வெளியே சொட்ட வைக்கிறது. ஐரோப்பிய அரைத்தூணுக்கு அருகிலேயே மலாய் மரச்செதுக்கு விளிம்பும் சீனப் பீங்கான் சில்லு வேலையும் அமைந்திருப்பது இப்பாணியின் தனிச்சிறப்பு. 1930 வாக்கில் எழுந்த பெட்டேன் சாலை வரிசையில் ஐந்தடி நடைத் தூண்களின் உடல்கூடப் பூ ஓடு போர்த்தியுள்ளது. சில முகப்புகளின் உச்சியில் கட்டிய ஆண்டும் சுதையிலேயே எழுதப்பட்டிருக்கும். கட்டட அனுமதி வரைபடங்களில் உரிமையாளர், வரைந்தவர் பெயர்கள் உண்டு. ஆனால் மாலையை வார்த்து ஒட்டியவரின் பெயரை அவற்றில் காண முடியாது. இத்தாலியச் சிற்பி ரொடோல்ஃபோ நோலி இதற்கு விலக்கு. 1929இல் முடிந்த நகர மண்டபம், 1939இல் முடிந்த உச்ச நீதிமன்றம் ஆகியவற்றின் தூண் வேலைகள் அவர் பெயரால் அறியப்படுகின்றன.

1930களில் சிமெண்டும், கற்சில்லு கலந்த ஷாங்காய்ப் பூச்சும் பரவி, ஆர்ட் டெக்கோவின் நேர்க்கோடுகள் மாலைகளை அகற்றின. போருக்குப் பின் வந்த 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழுதுபார்க்கும் ஆர்வத்தைக் குறைத்தது என்பர்.

லிட்டில் இந்தியா 1989 ஜூலை 7 அன்று பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. இயன்றவரை மூலத்தைக் காத்தல், உணர்ந்து மீட்டல், கவனமாகப் பழுதுநீக்கல் ஆகியவை ஆணையத்தின் நெறிகள். பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சுதை பெயர்ந்துவிடும். ஆகவே எழுதகத்தைச் சுண்ணாம்பாலேயே சீர்செய்வதுதான் ஏற்ற முறை. அவ்வாறு செய்யப்பட்ட முகப்பில் கொரிந்தியன் தலைப்பின் அகாந்தஸ் இலை நரம்புகள் கூர்மையாகத் தெரியும். தடித்த வண்ணப்பூச்சுகளின் அடியில் அவை மழுங்கிப் போகின்றன.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 முதல் கட்டிய அடுக்குமாடி வீடுகள் வெறும் சுவருடனும் தட்டையான உட்கூரையுடனும் ஒப்படைக்கப்படுகின்றன. அண்மைக் காலத்தில் புது வீடு பெறுவோரில் சிலர், ஜிப்சம் அல்லது பாலியூரித்தேன் எழுதகங்களை உட்கூரை ஓரத்திலும், சட்டமிட்ட புடைப்புப் பட்டைகளைச் சுவரின் கீழ்ப்பாதியிலும் ஒட்டுகின்றனர். இவை ஆலையில் அளவாக வார்த்து வரும் பொருள்கள். பசையும் சிற்றாணியும் கொண்டு பொருத்தப்படுகின்றன.