துணிக்குழாயும் குடலும்

"தம்பி, குழாயை விட்டு இரத்தம் நிண்டிட்டுதெண்டால், பிறகேன் வயித்தை வெட்டுறாங்கள்?"

மொழிபெயர்ப்பாளனாக ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்ற என்னிடம் பெரியவர் ஒருவர் கேட்டார். பல வருடங்களுக்கு முன் பெருநாடியில் துணிக்குழாய் வைத்துத் தைக்கப்பட்டவர் அவர். இப்போது இரத்த வாந்தியோடு வந்திருந்தார். வைத்தியரின் பதிலை அன்று தமிழில் சொன்னேன். அதற்குப் பின்னால் எழுபது வருடக் கதை இருப்பதைப் பிறகுதான் வாசித்தறிந்தேன்.

பெருநாடி முள்ளந்தண்டை ஒட்டியபடி வயிற்றுக்குள் இறங்குகிறது. முன்சிறுகுடலின் மூன்றாம் பகுதி அதற்குக் குறுக்கே படிந்து கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் துளை விழுந்தால், உடம்பின் மிகப் பெரிய இரத்தக்குழாய் குடலுக்குள் திறந்துகொள்ளும். முதலில் கொஞ்ச இரத்தம் வந்து தானாக நின்றுவிடும். சில மணித்தியாலத்திலோ சில நாளிலோ பெரும் பெருக்கு வரும். ஆங்கில வைத்தியர்கள் அந்த முதல் இரத்தத்துக்கு வைத்திருக்கும் பெயர் எங்கள் கூத்துக் கட்டியகாரனைத்தான் ஞாபகப்படுத்துகிறது. ராசா வருமுன் வந்து அறிவித்துவிட்டுப் போகிறவன்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டனின் அஸ்ற்லி கூப்பர் இதைப்பற்றி எழுதியபோது, வீங்கிய நாடி தானாகவே குடலை அரித்து வரும் அபூர்வமாக அது இருந்தது. இன்று காண்பதில் பெரும்பகுதி வைத்தியமே பெற்றெடுத்தது. 1951 மார்ச்சில் பாரிஸில் சார்ள்ஸ் டுபோஸ்ற் வீங்கிய வயிற்றுப் பெருநாடியை வெட்டியெடுத்து, இறந்த ஒருவரின் நாடியைப் பொருத்தினார். 1953இலேயே, அப்படிப் பொருத்திய நாடிக்கும் முன்சிறுகுடலுக்கும் இடையே துளை விழுந்த செய்தி பதிவாகிவிட்டது. நியூயோர்க்கில் ஆதர் வூர்ஹீஸ் செயற்கைத் துணியை நாடியாக்கினார். ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி, கடையில் நைலோன் தீர்ந்துபோனதால் கிடைத்த டக்ரோனை வாங்கிவந்து, தானே தையல் மெசினில் குழாயாகத் தைத்தார். லெபனானிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. தையல் பழக்கியவர் தாய்.

அந்தத் துணி எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆனால் சிலரில், அநேகமாக நூற்றுக்கு ஒருவர் அளவில், வருடங்கள் கழித்துக் குடலை அரித்தது. குடலின் கிருமிகள் துணியில் குடியேறின.

அதற்குப் பழைய வழி, வயிற்றைத் திறந்து துணியை முழுதாக அகற்றி, நாடியின் வாயைத் தைத்து மூடி, கக்கத்திலிருந்து தொடைக்குத் தோலின் கீழ் வேறொரு குழாய் ஓட்டுவது. தைத்த வாய் பின்னாளில் வெடிப்பதுமுண்டு. 1993இல் டலஸில் கிளாஜெற் குழுவினர் நோயாளியின் தொடையிலுள்ள ஆழ்நாளங்களையே எடுத்துப் புதுப் பெருநாடி கட்டிய முறையை வெளியிட்டார்கள். கிருமிக்கு நல்ல மறுமொழி அது. ஆனால் பல மணித்தியால வேலை. இரத்தம் போய்க்கொண்டிருக்கும் கிழவர் ஒருவர் அதைத் தாங்கவேண்டுமே!

1990 செப்ரெம்பரில் புவனஸ் அயர்ஸில் ஜுவான் பரோடி, தொடையிடுக்கு நாடிவழியாகத் துணிக்குழாயை உள்ளே அனுப்பி, வயிற்றைத் திறக்காமலே பெருநாடி வீக்கத்தை அடைத்தார். அதற்கு முன்பே, 1987இல், கார்கிவ் நகரில் நிக்கொலாய் வொலொதோஸ் நெஞ்சுப் பகுதிப் பெருநாடிக்கு இதைச் செய்திருந்தார். ருஷ்ய மொழியில் எழுதியதால் மேற்குலகம் நெடுங்காலம் அறியவில்லை. தமிழில் எழுதுகிற எனக்கு, இதை வாசித்தபோது கொஞ்சநேரம் புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றியது.

குடல்துளைக்கும் இந்த வழி வந்தது. 2016இல் எண்ணூறுக்கும் மேற்பட்ட நோயாளரின் விபரங்களைத் திரட்டிய ஆய்வு ஒன்றில், திறந்து செய்த சத்திரசிகிச்சையில் ஏறத்தாழ மூன்றிலொருவர் ஆஸ்பத்திரியிலேயே இறந்திருந்தனர். உள்வழியாகக் குழாய் விட்டவர்களில் நூற்றுக்கு ஏழுபேர்தான். இத்தோடு நின்றால் பெரியவரின் கேள்வி நியாயமே. ஆனால் காலம் போகப்போக அந்த அனுகூலம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. குடலின் துளை அப்படியேதான் இருக்கிறது. அழுக்கான இடத்தில் இன்னுமொரு துணியையும் வைத்திருக்கிறோம். மருந்து கிருமியை அடக்கிவைக்கும், விரட்டுவது அரிது.

ஆகவே 2020இல் ஐரோப்பிய நாடிச் சத்திரசிகிச்சைச் சங்கத்தின் வழிகாட்டி, இரத்தம் பெருகும் நோயாளருக்கு உள்வழிக் குழாயை ஒரு பாலமாகவே கருதியது. முதலில் இரத்தத்தை நிறுத்துவது, தேகம் தேறியதும் வயிற்றைத் திறந்து இரண்டு துணிகளையும் எடுப்பது. இரண்டாவதைத் தாங்கமுடியாதவர்களுக்குப் பாலமே வீடாகிவிடுகிறது.

பெரியவர் முழுதும் கேட்டார். "அப்ப ரெண்டு தரம்," என்றார். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்து, கையெழுத்து எங்கே வைப்பதென்று கேட்டார்.