சன்னதம் ஏறிய இசைத்தட்டுகள்

பழைய தபால்தலை சேர்க்கிறவர்களை நமக்குத் தெரியும். பழைய காசு சேர்க்கிறவர்களையும் தெரியும். கிராமபோன் தட்டுகளைத் தேடி மூர் மார்க்கெட்டில் அலைந்த பெரியவர்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் முப்பது வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் இரவு நடனத்துக்காக அச்சடித்த ஒரு கறுப்புத் தட்டுக்குச் சில நூறு யூரோவை எண்ணி வைத்துவிட்டு, அதைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வீடு திரும்புகிற மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அந்தச் சங்கீதத்துக்கு ட்ரான்ஸ் என்று பெயர். நான் நாவல் எழுதிக் காலம் தள்ளுகிறவன். எனக்கும் இந்தப் பித்து கொஞ்சம் உண்டு. என் அலமாரியில் புத்தகங்களுக்கு நடுவே ஏழு தட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு, "இதில் என்ன பாட்டு?" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லும் பதிலை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சொல்லின் பொருளிலிருந்து தொடங்கலாம். ட்ரான்ஸ் என்றால் தன் நினைவு அகன்ற நிலை. நம் பக்கத்தில் அதற்கு அருமையான சொல் ஒன்று இருக்கிறது: சன்னதம். கோடாங்கி உடுக்கையை ஒரே சீராக அடித்துக்கொண்டே போகிறான். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாரோ ஒருவருக்கு உடம்பு சிலிர்க்கிறது. கால் தரையில் நிற்க மறுக்கிறது. திரும்பத் திரும்ப வருகிற தாளத்துக்கு மனிதனை அவனிடமிருந்தே பிரித்துவிடுகிற சக்தி உண்டு. ஜெர்மானிய இளைஞர்கள் அந்தப் பழைய உண்மையை மின்சாரத்தின் உதவியோடு மறுபடியும் கண்டுபிடித்தார்கள்.

நிமிஷத்துக்கு 130 முதல் 140 அடி வரை விழுகிற தாளம். அதன் மேல் ஒரு சிறிய ஸ்வரக் கோவை. அது திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நிறம் மாறி வரும். நடுவில் தாளம் சட்டென்று நின்றுவிடும். ராகம் மட்டும் அந்தரத்தில் தொங்கும். ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். பிறகு தாளம் இடி மாதிரி வந்து இறங்கும். இவ்வளவுதான் விஷயம். இதில் நிரவல் எங்கே, கல்பனா ஸ்வரம் எங்கே என்று கேட்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

இந்தச் சங்கீதம் வளர்ந்த வேளை விசேஷமானது. 1989-ம் வருஷம் நவம்பர் 9-ம் தேதி இரவு பெர்லின் சுவர் திறந்தது. நகரத்தின் கிழக்குப் பாதியில் சொந்தக்காரர் யார் என்றே தெரியாத கட்டடங்கள் ஏராளமாகக் கிடந்தன. இளைஞர்கள் அவற்றுக்குள் ஒலிபெருக்கிகளோடு புகுந்தார்கள். வெர்த்தைம் என்ற பழைய பெருங்கடையின் பணப்பெட்டக அறையில், 1991-ல் ட்ரெசார் என்ற நடன விடுதி திறந்தது. அங்கே முழங்கியது டெக்னோ. ட்ரான்ஸை, அந்த முரட்டு அண்ணனுக்குக் கனவு காண்கிற தம்பி என்று சொல்லலாம்.

அந்தத் தம்பிக்கு முதலில் சோறு போட்டவர்களில் ஒருவர் மார்க் ரீடர் என்ற மான்செஸ்டர்க்காரர். 1989-ல் கிழக்கு ஜெர்மன் அரசாங்கத்தின் இசைத்தட்டுக் கம்பெனியான அமிகாவின் கூடத்தில், ஓர் உள்ளூர்க் கோஷ்டிக்காக அவர் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த நாட்களில்தான் சுவர் விழுந்தது. அடுத்த வருஷ முடிவில் அவர் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கி அதற்கு எம்.எஃப்.எஸ். என்று பெயர் வைத்தார். வெற்றிக்கென்றே திட்டமிட்டது என்று அதற்கு ஒரு பொருளும் சொன்னார். ஆனால் கிழக்கு ஜெர்மனியில் அந்த மூன்று எழுத்துக்களைப் பார்த்தவர்களுக்கு வேறொன்றுதான் நினைவுக்கு வரும். ஊரெல்லாம் ஒட்டுக்கேட்டு, ஜனங்களை நடுங்க வைத்த ரகசியப் போலீஸ் இலாகாவின் சுருக்கப் பெயர் அது! பேயின் பெயரையே பிள்ளைக்கு வைத்துப் பயத்தைத் தெளிய வைப்பது போன்ற காரியம். கிழக்கு பெர்லினில், மேற்கத்திய வானொலியை ஒளிந்து கேட்டு வளர்ந்த பால் வான் டைக் என்ற பையனின் தட்டுகளை வெளியிட்டதும் இந்தக் கம்பெனிதான். 1994-ல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் இடம்பெற்ற 'ஃபார் ஆன் ஏஞ்சல்', பிற்பாடு உலகம் சுற்றியது.

இன்னொரு தலைநகர் பிராங்க்பர்ட். அங்கே 1988-ல் திறந்து 1998 வரை நடந்த ஓமன் விடுதியும், அதில் ராஜ்யம் நடத்திய ஸ்வென் வேத்தும் இல்லாமல் இந்தக் கதை இல்லை. அதே ஊரைச் சேர்ந்த ஜாம் அண்டு ஸ்பூன் இரட்டையர், 1990-ல் வெளிவந்த 'தி ஏஜ் ஆஃப் லவ்' என்ற இசையை 1992-ல் புதிதாகச் செதுக்கிக் கொடுத்தார்கள். ட்ரான்ஸின் பால பாடம் எது என்று கேட்டால் பலரும் அதைத்தான் காட்டுவார்கள்.

இனி தட்டுக்கு வருவோம். இது நாற்காலியில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டே கேட்பதற்காகச் செய்த பொருள் அல்ல. தச்சனுக்கு உளி எப்படியோ, அப்படி நடன விடுதியில் தட்டு சுழற்றுகிறவருக்கு இது ஒரு கருவி. அதனால்தான் இதன் முதல் ஒரு நிமிஷமும் கடைசி ஒரு நிமிஷமும் பெரும்பாலும் வெறும் தாளமாகவே இருக்கும். ஓடுகிற தட்டின் வாலையும் அடுத்த தட்டின் தலையையும் ஜடை பின்னுகிற மாதிரி பின்ன வேண்டும். அதற்கு இரண்டு சுழல்மேடைகள். வேகத்தை நூற்றுக்கு எட்டு வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு நகர்விசை. இந்த விசையோடு 1979-ல் வந்த டெக்னிக்ஸ் யந்திரம் உலகம் முழுவதும் இந்தத் தொழிலின் கலப்பையாயிற்று.

12 அங்குலத் தட்டு பிறந்ததிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1970-களின் நடுவில் நியூயார்க்கில் டாம் மோல்ட்டன் என்பவர் ஒரு பாட்டுக்கு மாதிரித் தட்டு வெட்டப் போனார். அன்று 7 அங்குலத் தட்டு கைவசம் இல்லை. வெட்டுகிற நிபுணர் பெரிய தட்டில் வரிகளை அகல அகலமாக விட்டு வெட்டினார். போட்டுக் கேட்டால் தாளம் நெஞ்சில் வந்து இடித்தது! வரிகளுக்கு நடுவே இடம் தாராளமாக இருந்தால் ஒலியை உரக்கப் பதிக்கலாம். பற்றாக்குறையில் பிறந்த பெரிய தட்டு நடன உலகத்தையே பிடித்துக்கொண்டது.

இந்தத் தட்டுகள் ஏன் அபூர்வமாயின? வாங்குகிறவர்கள் தொழில்காரர்கள் என்பதால் பெரும்பாலானவற்றைச் சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம் பிரதிகள்தான் அச்சடித்தார்கள். மாதிரிப் பிரதிகளில் பெயரே இருக்காது. நடுவில் வெள்ளைக் காகிதம் மட்டும். விற்காதது கிடங்கில் மக்கியது. கம்பெனிகள் மூடின. பிறகு கம்ப்யூட்டர் வந்ததும், முதுகு வலிக்கத் தட்டுப்பெட்டி சுமந்தவர்கள் அவற்றைப் போன விலைக்குத் தள்ளினார்கள். பெருமைக்கும் விலைக்கும் இங்கே சம்பந்தம் இல்லை. ராபர்ட் மைல்ஸ் 1995-ல் வெளியிட்ட 'சில்ட்ரன்' இதற்கு உதாரணம். யூகோஸ்லாவிய யுத்தத்தில் அடிபட்ட குழந்தைகளின் படங்களை அவருடைய தகப்பனார் கொண்டுவந்து காட்ட, அதில் மனம் கலங்கி அவர் செய்தது அது. விடிய விடிய ஆடிவிட்டுக் கார் ஓட்டிப் போய் இத்தாலியில் இளைஞர்கள் சாலைகளில் செத்துக்கொண்டிருந்த காலம். இரவின் முடிவில் அவர்களை அமைதிப்படுத்தி அனுப்ப வேண்டும் என்பதும் அவருடைய எண்ணம். கேட்டால் கண் கலங்கும். ஆனால் லட்சக்கணக்கில் விற்றதால் தட்டின் விலை ஒரு சாப்பாட்டு விலைதான்.

நம் நாட்டுக் கடற்கரை ஒன்றும் இந்தச் சரித்திரத்தில் வருகிறது. கோவாவின் அஞ்சுனாவில், 1970-களிலிருந்தே வெளிநாட்டு ஹிப்பிகள் நிலா வெளிச்சத்தில் ஆடினார்கள். 1980-களில் அங்கே கிட்டார் போய் எலெக்ட்ரானிக் இசை வந்தது. கலிபோர்னியாவிலிருந்து வந்து தங்கிவிட்ட கோவா கில் என்பவர் அந்த இரவுகளின் பூசாரி, 2023-ல் காலமானார். ஆனால் அங்கே வினைல் தட்டு எடுபடவில்லை. வெயிலில் வளைந்துவிடும், புழுதியில் கீறிவிடும். ஆகவே அவர்கள் காஸெட்டுகளையும், பிற்பாடு டிஜிட்டல் நாடாக்களையும் நம்பினார்கள். வெளிவராத இசைகள் கைக்குக் கை பிரதியாயின. 1993-ல் டிராகன்ஃபிளை, 1994-ல் டிப் என்று இங்கிலாந்தில் கம்பெனிகள் தோன்றிய பிறகுதான் கோவா ட்ரான்ஸ் ஒழுங்காகத் தட்டில் ஏறியது. அதற்கு முந்தைய இரவுகளில் பெரும்பகுதி, நரைத்த தலைகளுக்குள்ளும் பூஞ்சை பிடித்த சில நாடாக்களிலும் மட்டுமே இருக்கிறது. ஏட்டுச் சுவடிகளின் கதை தெரிந்த நமக்கு இது புரியாதா? படி எடுத்து வைத்தது பிழைத்தது. மற்றது ஆற்றோடு போயிற்று.

இதற்கு நேர்மாறான கதையும் நம் நாட்டில்தான் நடந்தது. சரண்ஜித் சிங் என்பவர் பம்பாய் சினிமாவில் வாத்தியம் வாசித்துப் பிழைத்த கலைஞர். 1982-ல் அவர் ரோலண்டு கம்பெனியின் மூன்று யந்திரங்களை இணைத்து, டிஸ்கோ தாளத்தின் மேல் பத்து ராகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்தார். நம்முடைய கல்யாணிக்கு உறவான யமன் அதில் உண்டு; ஹிந்தோளத்துக்கு உறவான மால்கௌன்ஸும் உண்டு. எச்.எம்.வி. கம்பெனி தட்டாக வெளியிட்டது. யாரும் சீந்தவில்லை. அந்த மூன்றில் ஒன்றான டி.பி.303 என்ற குட்டி யந்திரத்தை வைத்துக்கொண்டு சிகாகோ இளைஞர்கள் 1987-ல் 'ஆசிட்' சங்கீதத்தை உலகுக்குக் கொடுத்தார்கள். ட்ரான்ஸின் தாய்வழிப் பாட்டி அது. சிங்கின் தட்டைக் கேட்டால் அதே நெளிவு, அதே குழைவு. ஐந்து வருஷம் முன்னதாக!

2002-ல் டில்லியில் ஒரு கடையில் அந்தத் தட்டு எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் கண்ணில் பட்டது. அவர் ஒரு சேகரிப்பாளர். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவருடைய பிரதியின் விலை ஏறிக்கொண்டே போயிருக்கும். அவரோ பம்பாய்க்கு வந்து கலைஞரைத் தேடிப் பிடித்து, 2010-ல் அந்தத் தட்டை மறுபடியும் அச்சடித்தார். எழுபது வயதில் சரண்ஜித் சிங்குக்குப் புகழ் வந்தது. ஐரோப்பிய மேடைகளில் இளைஞர்கள் கூடி நிற்க வாசித்தார். 2015-ல் காலமானார்.

சேகரிப்பாளர்களைக் கஞ்சர்கள் என்று சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை. தட்டைக் கேட்காமலே பூட்டி வைக்கிறவர்களும், மறுபதிப்பு வந்தால் விலை சரியுமே என்று பொருமுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் மறு பாதியையும் பார்க்க வேண்டும். தட்டு முடிகிற இடத்தில், பாட்டு இல்லாத வெற்று வளையத்தில், வெட்டிய நிபுணர் ஊசியால் கீறிய எண் ஒன்று இருக்கும். டார்ச் விளக்கு அடித்து அதைப் படித்து, இது முதல் அச்சா, இரண்டாம் அச்சா என்று குறித்து வைக்கிறவர்கள் இவர்கள்தான். 2000-ல் கெவின் லெவான்டோவ்ஸ்கி என்ற அமெரிக்கர் தொடங்கிய டிஸ்காக்ஸ் என்ற அட்டவணை, முதலில் எலெக்ட்ரானிக் இசைக்காக மட்டுமே ஏற்பட்டது. ரசிகர்கள் கூலி வாங்காமல் தட்டுத் தட்டாக எழுதிச் சேர்த்தார்கள். மூடிப்போன கம்பெனிகள் தங்கள் கணக்கை வைத்திருக்கவில்லை. இந்தப் பித்தர்கள் வைத்திருந்தார்கள்.

என்னைப் போன்ற கதைக்காரனுக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. வாராந்தரிகளில் வந்து புத்தகமாகாமல் போன தொடர்கதைகள் எத்தனை! எவர் வீட்டுப் பரணிலாவது ஒரு பித்தர் அவற்றைக் கிழித்துத் தைத்து வைத்திருந்தால்தான் உண்டு. ஆகையால் அபூர்வத் தட்டு வைத்திருக்கும் நண்பர்களிடம் நான் விலை கேட்பதில்லை. அதைச் செய்தவர் யார், உயிரோடு இருக்கிறாரா, அவரைத் தேடிப் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறேன்.