ஐதராபாத்தில் ரயிலும் பேருந்தும் ஒரே குடையின் கீழ்

ஐதராபாத்தின் பொதுப் போக்குவரத்து வரலாற்றில் 1932ஆம் ஆண்டுக்குத் தனி இடம் உண்டு. அதுவரை தனியார் கம்பெனி நடத்திவந்த ரயில் பாதைகளை 1930இல் ஐதராபாத் சமஸ்தானத்தின் நிஜாம் அரசு தன் வசமாக்கிக்கொண்டது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அந்த ரயில்வே நிர்வாகமே 27 பேருந்துகளையும் 166 ஊழியர்களையும் கொண்டு சாலைப் போக்குவரத்துத் துறை ஒன்றைத் தொடங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் தனியார் பேருந்துகள் ரயிலின் வருவாயைப் பறித்ததால், அதை ஆராய மிட்செல்–கர்க்னஸ் குழு அமைக்கப்பட்ட காலம் அது. அங்கே சிக்கலாக நின்ற போட்டியை, இரண்டையும் ஒரே நிர்வாகத்தில் இணைத்ததன் மூலம் நிஜாம் அரசு முளையிலேயே தவிர்த்தது.

அக்காலத்தின் சுவடுகள் நீண்ட நாள் நிலைத்தன. விமானக் கொட்டகையாக எழுப்பப்பட்டுப் பின்னர் பேருந்து நிலையமாக மாறிய கௌலிகுடாவின் வளைந்த இரும்புக் கூரை, 2018 ஜூலையில் சரிந்து விழும்வரை நின்றது. அரசுப் பேருந்துகளின் பதிவெண்ணில் இடம்பெறும் 'இசட்' என்ற எழுத்து, கடைசி நிஜாமின் தாயார் ஜஹ்ரா பேகத்தின் நினைவாக இடப்பட்டது என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி.

சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் ரயில்வே மத்திய அரசுக்குச் சென்றது. பேருந்துத் துறை 1951 நவம்பரில் ஐதராபாத் மாநில அரசின் கைக்கு வந்து, 1958இல் ஆந்திரப் பிரதேச சாலைப் போக்குவரத்துக் கழகமாக உருமாறியது. இவ்வாறு பிரிந்த இரு துறைகளுக்கு அருகே, 2003இல் எம்எம்டிஎஸ் எனப்படும் புறநகர் ரயிலும், 2017இல் மெட்ரோ ரயிலும் தனித்தனி அமைப்புகளாக வந்து சேர்ந்தன. ஒரு வண்டியிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறும் பயணி இடையிலுள்ள தூரத்தைப் பெரும்பாலும் நடந்தே கடக்கிறார் என்பதால், நடைபாதையே இவ்வமைப்புகளை இணைக்கும் உண்மையான பாலம்; எனினும், பல அமைப்புகள் பங்கிட்டுக்கொள்ளும் பொறுப்பில் முதலில் கைவிடப்படுவதும் அதுவே. மகாத்மா காந்தி பேருந்து நிலையத்தை ஒட்டி மெட்ரோவின் இரு தடங்கள் 2020 முதல் சந்திப்பது, பிரிந்தவற்றை மீண்டும் அருகருகே கொண்டுவர முடியும் என்பதற்குச் சான்று. புகையும் நெரிசலும் குறைந்த நகரம் வேண்டுமெனில், 1932இல் ஒரே துறை ஏற்ற பொறுப்பை இன்றைய அமைப்புகள் கூட்டாக ஏற்று, நிலையங்களுக்கு இடைப்பட்ட நடைபாதைகளிலிருந்து பணியைத் தொடங்க வேண்டும்.