கராம்பும் காப்பிலியும்: சன்சிபார் பற்றிய சில குறிப்புகள்

சன்சிபார் பற்றிய சுற்றுலாப் பிரசுரங்களில் மூன்று விடயங்கள் தவறாமல் இடம்பெறும்: வெண்மணல், கராம்பு, பிரெடி மெர்க்குரி பிறந்த நகரம். 1946இல் பார்சிக் குடும்பமொன்றில் அங்கு பிறந்த அப்பாடகர் ஏன் இங்கிலாந்துக்குப் போனார் என்பதைப் பிரசுரங்கள் சொல்வதில்லை. 1964ஆம் ஆண்டுப் புரட்சிக்குத் தப்பி வெளியேறிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. விடுமுறைக்கு வந்த இடத்திலும் அகதிக் கதைதானா என்று என் துணைவி அலுத்துக்கொண்டார். அவர் அலுத்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. ஆயினும் அந்த இரண்டு வாரங்களில் கண்டதையும், அதற்கு முன்னும் பின்னும் வாசித்ததையும் இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு.

முதலில் கண்ணுக்குப் பட்டவை. உங்குஜா, பெம்பா என்ற இரு பெரிய தீவுகளும் பல சிறு தீவுகளும் சேர்ந்ததே சன்சிபார். நாங்கள் தங்கியது உங்குஜாவின் கிழக்குக் கரையில், ஜம்பியானியில். வற்று நேரத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும். அந்த வெளியில் பெண்கள் சிறு தடிகளை நட்டு, கயிறு கட்டி, கடற்பாசி வளர்க்கிறார்கள். 1980களின் இறுதியில் ஏற்றுமதிக்காகத் தொடங்கிய தொழில் இது. அதுவரை தம் கையில் காசு கண்டிராத பெண்கள் பலருக்கு இது முதல் வருமானம். அண்மைக் காலங்களில் கடல் சூடாகிப் பாசி அழுகுவதால் அதுவும் ஆட்டங் கண்டுள்ளது. முதுகு வளைந்து நிற்கும் இப்பெண்களை உல்லாசப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன்.

தேங்காய் துருவ அவர்கள் குந்தியிருக்கும் பலகைக்கு 'ம்புசி' என்று பெயர். ஆடு என்று பொருள். நம் வீட்டுத் திருவலைக்கும் அதற்கும் அதிக வேறுபாடில்லை. தேங்காய்ப் பாலில் சோறு சமைக்கிறார்கள். மேசைக்குச் சுவாகிலியில் 'மேசா'. கைக்குட்டைக்கு 'லேசோ'; நம்மூர் லேஞ்சியும் அதே போர்த்துக்கீசச் சொல்தான். டிசம்பரில் தொடங்கும் வடகிழக்குக் காற்றுக்கு 'கஸ்காசி', தெற்கிலிருந்து வருவதற்கு 'கூசி' என்று பெயர். வாடையும் சோளகமும் அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பாய்க்கப்பல்கள் ஒரு காற்றில் வந்து மறு காற்றில் திரும்பின. திரும்பாமல் நின்றவர்களின் பிள்ளைகள் ஒரு சமூகமாயினர். பாண்டு மொழியொன்றை அடித்தளமாகக் கொண்டு, அரபு, பாரசீக, இந்திய, போர்த்துக்கீசச் சொற்களை உள்வாங்கிய மொழி அவர்களுடையது. இதுவரை எழுதியது பிரசுரக்காரர்களுக்கும் உவப்பானதே.

இனி அவர்கள் விடும் பகுதி. ஓமானிய சுல்தான் சையித் சயித் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தன் அரசவையை மஸ்கட்டிலிருந்து இங்கு மாற்றினான். கராம்புத் தோட்டங்கள் பெருகின. கராம்பு பறிக்க ஆள் வேண்டும். ஆள் பெருநிலத்திலிருந்து சங்கிலியில் வந்தது. நிலம் அராபியருடையது, உழைப்பு ஆபிரிக்க அடிமைகளுடையது. முதல் யாருடையது என்பதை நாம் கேட்பதில்லை. அது பெருமளவு இந்தியருடையது. கட்ச் பகுதியைச் சேர்ந்த ஜெய்ராம் சிவ்ஜியின் வணிக நிறுவனம் நீண்டகாலம் சுல்தானின் சுங்கத்தையே குத்தகைக்கு எடுத்திருந்தது. தோட்டக்காரருக்கும் பெருநிலத்துக்குப் போகும் வணிகக் கூட்டங்களுக்கும் கடன் கொடுத்தவர்கள் இந்திய வணிகர்கள். 1860இல் பிரித்தானியத் தூதுவர் ரிக்பி, பிரித்தானியப் பிரசைகள் என்ற வகையில் இந்தியர்கள் வைத்திருந்த ஆயிரக்கணக்கான அடிமைகளை விடுவிக்கச் செய்தார். கிழக்காபிரிக்க இந்தியரின் வரலாற்றைத் தண்டவாளம் போட வந்த கூலிகளிலிருந்து தொடங்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அது வசதியான தொடக்கம்.

அடிமைச் சந்தை 1873இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் ஆங்கிலிக்கன் தேவாலயம் எழுந்தது. பக்கத்தில் ஒரு கட்டிடத்தின் நிலவறையைக் காட்டி, அடிமைகளை விற்பனைக்கு முன் அடைத்து வைத்த இடம் என்கிறார்கள். மூச்சு முட்டுகிறது, என் மகள் வெளியே ஓடிவிட்டாள். ஆனால் அக்கட்டிடம் சந்தை மூடியபின் மிஷனரிகள் எழுப்பியது என்று வரலாற்றாய்வாளர் சிலர் ஐயம் எழுப்பியுள்ளனர். நடந்த கொடுமை உண்மை. அதற்குச் சாட்சியாக நிறுத்தப்படும் சுவர் வேறொன்றாக இருக்கலாம். வீரமும் தியாகமும் பற்றிய நம் நினைவிடங்களுக்கும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம்.

1890இல் தீவு பிரித்தானியப் பாதுகாப்புக்குள் வந்தது. அடிமைநிலை சட்டப்படி ஒழிந்தது 1897இல்தான். பிரித்தானியர் சன்சிபாரை ஓர் அராபிய நாடாகவே நடத்தினர். 1948இல் அராபியர் சனத்தொகையில் சுமார் 17 வீதமும் ஆசியர் சுமார் 6 வீதமுமே. மிகுதியானோர் ஆபிரிக்கர் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுள் பலர் தம்மைப் பாரசீக வழிவந்த சிராசிகள் என்றனர். ஒரே குடும்பத்தில் அண்ணன் அராபியனாகவும் தம்பி சிராசியாகவும் பதிவதற்குக்கூட இடமிருந்தது. கட்சி அரசியல் வந்தபின் அந்த நெகிழ்ச்சி இறுகியது. 1961 யூன் தேர்தற் கலவரத்தில் 68 பேர் கொல்லப்பட்டனர், பெரும்பாலோர் அராபியர். 1963 யூலைத் தேர்தலில் ஆபிரோ-சிராசிக் கட்சி 54 வீத வாக்குகளைப் பெற்றும் 31 ஆசனங்களில் 13ஐயே வென்றது. எதிரணிக் கூட்டு 18 ஆசனங்களுடன் ஆட்சியமைக்க, டிசம்பர் 10இல் சுல்தானின் கீழ் சுதந்திரம் வந்தது. அது முப்பத்து மூன்று நாட்கள் நின்றது. 1964 சனவரி 12இல் புரட்சி. முன்னணியில் நின்ற ஜோன் ஒகெல்லோ உகண்டாவிலிருந்து வந்தவர். கொல்லப்பட்டோர் தொகை சில நூறு என்பாரும் இருபதாயிரம் வரை என்பாரும் உளர். சுல்தான் கப்பலேறித் தப்பினான். கொல்லப்பட்டவர்களுள் கிராமங்களில் சில்லறைக் கடை வைத்திருந்த ஏழை ஓமானியர் அநேகர்.

ஈழத்தமிழ் வாசகர் இதில் எங்கே நிற்பார்? எரிக்கப்பட்ட கடைகளைக் கண்டால் 1983 யூலை நினைவுக்கு வரும். வாக்குப் பெரும்பான்மை இருந்தும் ஆட்சி மறுக்கப்பட்டவர்களின் கோபமும் நமக்கு விளங்கும். நிலமற்றவனின் எழுச்சி என்று ஒருவர் எழுதுவார், இனப்படுகொலை என்று மற்றவர் எழுதுவார். இரண்டும் ஒரே இரவுகளில் ஒரே ஆட்களால் நடந்தவை. இதை ஏற்க நமது விவாதங்களில் இடம் குறைவு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதைப் பற்றி நாம் எவ்வளவு காலம் வாய் திறக்காதிருந்தோம் என்பதை எண்ணினால், இக்குறை எங்கிருந்து வருகிறதென்று தெரியும்.

புரட்சி அரசின் தலைவர் கருமே 1970இல் ஈரானிய வழிப் பெண்களைக் கட்டாயத் திருமணத்துக்கு உட்படுத்தியதை ஆதரிக்க எந்த இடதுசாரியாலும் முடியாது. 1972 ஏப்பிரலில் அவர் கொல்லப்பட்டார். புரட்சியில் பங்குகொண்ட மார்க்சியர் பாபு அதற்காகச் சிறைப்பட்டு 1978இல் வெளிவந்து, 1996இல் இலண்டனில் இறந்தார். அவரும் நம்மைப்போல் புகலிடவாசிதான்.

கல்நகரின் சந்தில் ஒரு மாலை, கடைக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து 'முஹிந்தி' என்றார். இந்தியர் என்று பொருள். இலங்கையர் என்று திருத்தினேன். அவர் சிரித்துவிட்டுத் தேநீர் தந்தார். திருத்தும்போது என் குரலில் இருந்த அவசரத்தை நான் கவனித்தேன். நாம் அவர்களை எப்படி அழைக்கிறோம்? 'காப்பிலி' என்று. அரபியர் முஸ்லிம் அல்லாத ஆபிரிக்கரைக் 'காபிர்' என்றனர்; போர்த்துக்கீசர் அதைக் 'காப்ரே' ஆக்கினர்; அடிமைகளோடும் சிப்பாய்களோடும் அச்சொல் இலங்கைக்கு வந்தது. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்துக்கு அருகே வாழ்கின்றனர். அதே சொல் நம்மோடு விமானமேறி ஐரோப்பா வந்தது. அகதி முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சோமாலியனுக்கும் கொங்கோக்காரனுக்கும் அதையே சொன்னோம். நம்மை யாரேனும் 'பாக்கி' என்றால் மட்டும் இனவாதம் பற்றி அறிக்கை விட்டோம்.

அதே சந்துகளில் இன்னொரு கதையும் உண்டு. அடிமை வழிவந்த சித்தி பின்தி சாத், 1928இல் பம்பாய் சென்று சுவாகிலியில் தாராப் பாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்தார். அரபு வாத்தியங்களோடு அரண்மனையில் இருந்த இசையைத் தெருவின் மொழிக்குக் கொண்டுவந்தவர் அவர். 1960களின் பிற்பகுதியில் பதின்மவயதில் தீவைவிட்டு ஓடிய அப்துல்ரசாக் குர்னா, 2021இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். வெளியேறியவனின் வெட்கத்தை அவரளவு கூர்மையாக எழுதியவர் குறைவு. நமது மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டும்.

பழைய கோடுகள் இன்னும் அழியவில்லை. 1990களில் பலகட்சித் தேர்தல் திரும்பியபோது, பெம்பா ஒருபக்கமும் உங்குஜாவின் பெரும்பகுதி மறுபக்கமுமாக அறுபதுகளின் பிளவு அப்படியே எழுந்தது. 2001 சனவரி இறுதியில் ஆர்ப்பாட்டக்காரர் மீது பொலிஸ் சுட்டதில் குறைந்தது 35 பேர் இறந்தனர். சுமார் இரண்டாயிரம் பேர் பெம்பாவிலிருந்து படகேறிக் கென்யக் கரையிலுள்ள ஷிமோனிக்குத் தப்பினர். அயல்நாடுகளின் அகதிகளையெல்லாம் ஏற்றுப் பெயர்பெற்ற தான்சானியா, அந்த ஆண்டு தானே அகதிகளை அனுப்பியது. ஷிமோனி என்றால் குகை உள்ள இடம். அடிமைகளை அடைத்து வைத்ததாகச் சொல்லப்படும் குகைகள் அவை.