பாயிண்ட் முதல் ஸ்கேனர் வரை

டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்காருக்குச் சொந்த ஊர் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடி. 1911-ல் பிறந்த அந்த நிறுவனம் பஸ் விட்டது. பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளையும் விற்றது. தெற்கே ‘கம்பெனி சர்வீஸ்’ பழக்கத்துக்கு அதையே பிள்ளையார் சுழி எனலாம்.

ஆனாலும் அம்பாசடர் கார் காலத்தில் கல்லிடைக்குறிச்சிக்காரர் கோளாறு என்றதும் கம்பெனி சர்வீஸ் தேடிச் சுமார் 35 கி.மீ. தாண்டித் திருநெல்வேலிக்கு ஓடவேண்டியதில்லை. வண்டி முக்கினால் பானெட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கரிபிடித்த பாயிண்ட்டில் உப்புத்தாளை இரண்டு இழுப்பு இழுத்து, பிளக்கைத் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். காது பழகிய எந்த மெக்கானிக்குக்கும் அது அத்துப்படி.

2000-ஐ ஒட்டி மாசு விதிகள் இறுகின; கார்பரேட்டர் போய் பியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. கோளாறைச் சொல்லவே ஸ்கேனர் வேண்டும். அதையும் அசல் உதிரிபாகங்களையும் வெளியாருக்குத் தரக் கார் கம்பெனிகள் பல கைவிரித்தன. ‘வெளியே பிரித்தால் வாரண்டி போச்சு’ என்ற மிரட்டல் வேறு!

இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544.65 கோடி அபராதம் போட்டது. பாகங்களும் கருவிகளும் தனி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கவேண்டும் என்றது. நிறுவனங்கள் வழக்குக்குப் போயின.

கார்க்காரர்கள் பலர் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. வாரண்டி உள்ளவரை ஷோரூம், முடிந்ததும் தெரிந்த மெக்கானிக்; ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் மட்டும் மறுபடி கம்பெனி.